வீவக வீட்டுக்கு ஜீப்ரா ஃபிஞ்சா, பெங்காலீஸ் ஃபிஞ்சா?

ஃபிஞ்ச் என்பது தினை தின்னும் சின்னக் கூண்டுப் பறவை. இந்த இரண்டு வகையையும் பல வருடங்களாகச் சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வளர்க்கிறேன். இடம் குறைவு, சுவருக்கு அந்தப் பக்கமே அண்டை வீடு என்றால் பெங்காலீஸ் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

ஜீப்ரா கொள்ளை அழகு. ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, விலாவில் வெள்ளைப் புள்ளிகள், நல்ல சிவப்பு அலகு. ஜோடியைக் கடையிலேயே பார்த்து எடுத்துவிடலாம். ஆனால் விடிந்ததும் குழந்தைகள் ஊதும் பீப்பி மாதிரி கத்தத் தொடங்கிவிடும். அதைவிடப் பெரிய பாடு முட்டைதான். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை இது. அங்கே மழை பெய்து புல் விதை விளைந்தால் உடனே கூடு கட்டும். நம் கூண்டில் தினை குறைவதே இல்லை, அதனால் முட்டையிடுவதும் நிற்பதில்லை. சுண்ணாம்புச் சத்து வற்றி, முட்டை வெளியே வராமல் சிக்கினால் பெண் பறவை செத்தே போகும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் மீனின் ஓடு எப்போதும் கூண்டில் இருக்கட்டும். ஓரிரு ஈடு பொரித்ததும் கூட்டுப் பெட்டியை எடுத்துவிடுங்கள்.

வெப்பம் 26 டிகிரியைத் தாண்டினால் ஜீப்ரா, பொரியப்போகும் முட்டைகளிடம் தனியாக ஓர் ஒலி எழுப்பும் என்று 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சிங்கப்பூரில் எந்தப் பகல்தான் 26க்குக் கீழே இருக்கிறது! அடைகாக்கும் நாட்களில் பெட்டியருகே காதை வைத்துக் கேட்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பெங்காலீஸ் காட்டில் கிடையாது. வெண்முதுகுச் சில்லையை ஜப்பானில் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்த்து உருவாக்கிய இனம். மனிதர் நடமாட்டத்துக்கு அவ்வளவாக மிரளாது. சண்டை குறைவு, இரவில் எல்லாம் ஒரே கூட்டில் நெருக்கியடித்துத் தூங்கும். பிற ஃபிஞ்சுகளின் முட்டையையும் அடைகாத்து வளர்க்கும். ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ஆண் மட்டுமே பாடும். அதுவும் மெல்லிய பாட்டு, கதவைச் சாத்தினால் போதும். நகம் மட்டும் நீண்டுவிடும், அவ்வப்போது நுனியை வெட்டவேண்டும்.

இரண்டையும் ஒரே சின்னக் கூண்டில் விடாதீர்கள். ஜீப்ரா கூட்டைப் பிடுங்கிக்கொள்ளும், பெங்காலீஸ் எதிர்க்காமல் ஒதுங்கிப்போகும்.

தினையும் சாமையும் இங்கே லிட்டில் இந்தியாவின் தேக்காவிலேயே கிடைக்கும். நம் ஈரக்காற்றில் சீக்கிரம் பூசணம் பிடிக்கும் என்பதால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். குளிக்கும் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், டெங்கிக் கொசுவுக்கு அந்தக் கிண்ணமே போதும். கூண்டைச் சமையலறையில் வைக்கவே வேண்டாம். நான்ஸ்டிக் சட்டி அதிகம் காய்ந்தால் வரும் புகை இந்தச் சின்ன நுரையீரல்களை நிமிடங்களில் கொன்றுவிடும்.