பைக் கழுவ ப்ரஷர் வாஷரா, ரெண்டு பக்கெட்டா?

போன வருஷம் ஆஃபர்ல தண்ணிய வேகமா பீச்சி அடிக்கற ப்ரஷர் வாஷர் மெஷின் ஒண்ணு வாங்கினேன். அதுவரைக்கும் பக்கெட், மக்கு, பழைய பனியன் துணி, இதான் நம்ம செட்டப். இப்போ அந்த மெஷின் மாடிப்படிக்கு கீழ தூங்குது, நான் திரும்ப பக்கெட்டுக்கே வந்துட்டேன்.

வேகத்துல மெஷின்தான், அதுல பேச்சே இல்ல. மழைக்காலத்துல மட்கார்டு அடியில அப்பிக்கிட்டிருக்கற சேத்த மக்குல தண்ணி ஊத்தி எடுக்கறதுக்குள்ள இடுப்பு போயிரும், இது ரெண்டே நிமிஷத்துல பிச்சு எறிஞ்சிரும். காசு பத்தி பேசவே வேணாம், பக்கெட் எல்லார் வீட்லயும் இருக்கு.

என்ன திருப்பினது பேரிங்தான். வீட்டுக்குன்னு விக்கற சின்ன மெஷினே 100 பாருக்கு (பார்னா அழுத்தத்தோட அளவு) மேல அடிக்குது. வீல் பேரிங், கோன்செட் (ஹேண்டில்பார் திரும்பற இடத்து பேரிங்) இங்கல்லாம் இருக்கற ரப்பர் சீல் மழைத்தண்ணிய தாங்கும், அரை அடி தூரத்துல இருந்து நேரா பீச்சினா தாங்காது, தண்ணி உள்ள பூந்து கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துரும், அப்புறம் துரு. ஓ-ரிங் செயினுக்கும் அதே கததான், பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல கம்பெனிலயே கிரீஸ் வச்சு ரிங் போட்டு மூடியிருப்பாங்க, அது போச்சுன்னா வெளிய எவ்ளோ லூப் (செயினுக்கு அடிக்கற எண்ணெய் ஸ்ப்ரே) அடிச்சாலும் உள்ள போய் சேராது. எனக்கு ஆறே மாசத்துல பின்வீல்ல கொர்ர்னு சத்தம். மெக்கானிக் அண்ணன் பேரிங்க கழட்டி விரல்ல மாட்டி சுத்திக்காட்டி, "ப்ரஷர்ல அடிச்சியா தம்பி?"ன்னாரு. வண்டி 40 ஆயிரம் கிலோமீட்டர் ஓடினது, எப்படியும் போற வயசோ என்னமோ, மெஷின்தான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா உள்ள துரு இருந்துச்சு, கண்ணால பாத்தேன்.

பக்கெட்லயும் வில்லங்கம் இருக்கு, ஸ்க்ராட்ச். மண்ண முதல்ல தண்ணி ஊத்தி இறக்காம தேய்ச்சா டேங்க் பூரா கோடு விழும், என் பனியன் துணி பண்ண வேல அது. அதான் ரெண்டு பக்கெட்: ஒண்ணுல ஷாம்பு, இன்னொண்ணு வெறும் தண்ணி, துணிய அதுல அலசிட்டுதான் திரும்ப ஷாம்புல முக்கணும், வீலுக்கு வேற துணி. எங்க ஏரியா போர் தண்ணி ஒரே உப்பு, காஞ்சா வெள்ள வெள்ளயா திட்டு. அதனால நிழல்ல நிறுத்தி, கடைசி அலசலுக்கு ஏசில சொட்டற தண்ணிய பிடிச்சு ஊத்தறேன் (வீட்ல சிரிக்கறாங்க, சிரிக்கட்டும்).

எதுல கழுவினாலும் சைலன்சர் ஆறட்டும். செயினுக்கு மண்ணெண்ணெயில நனைச்ச பிரஷ் போதும், பெட்ரோல் வேணாம், தீப்பிடிக்கும், ரிங்கும் கெடும். என்ஜின ஓடவிட்டு கியர்ல போட்டு செயின் தொடைக்கறத பாத்தாலே எனக்கு பகீர்ங்குது, விரல் போயிரும், டபுள் ஸ்டாண்ட் போட்டு வீல கையால சுத்துங்க. பாலிஷ், லூப் எதுவும் பிரேக் டிஸ்க்லயும் டயர்லயும் பட்டுரக் கூடாது.

மெஷின்ல மாட்டி ஷாம்பு நுரைய பீச்சற ஃபோம் கன் ரெண்டே தடவதான் அடிச்சேன், நுரை ஜோரா இருந்துச்சு, அதுக்கு மேல சொல்ற அளவுக்கு பழக்கம் இல்ல. மெஷின விக்கவும் மனசு வரல, ஐப்பசி கார்த்திகைல மட்கார்டு அடிக்கு மட்டும் நாலு அடி தள்ளி நின்னு அடிச்சுக்கறேன், மத்த நாள்ல மச்சான் கார் கழுவ தூக்கிட்டு போயிடறான்.