இறால் பாக்கெட்டும் முளைப்பயறு டப்பாவும்: தராசில் வைத்துப் பார்த்தேன்

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் இறால் வாசம் வராமல் இருக்காது. இந்த வருடம் அதற்குக் குறுக்கே விழுந்தவன் என் மச்சினன். ஜிம்முக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்து “இதுல எவ்வளவு புரோட்டீன்?” என்று கேட்கிறவன். சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டி முன்னால் நின்றுகொண்டு ஒரு கையில் உறைந்த இறால் பாக்கெட், இன்னொரு கையில் முளைகட்டிய பச்சைப்பயறு டப்பா. “மாமா, இறால்ல நூறு கிராமுக்கு 18 கிராம் புரோட்டீன்னு போட்டிருக்கான், பயறுல 24. அப்புறம் எதுக்கு 399 ரூபா குடுத்து இதை வாங்கணும்?”

கேள்வியில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் மனசு ஒப்பவில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் கேக் செய்கிறேன் என்று மனைவி வாங்கி இரண்டு முறை மட்டும் பயன்படுத்திய ஒரு எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறது, அதற்கு அன்றைக்கு வேலை வந்தது. பிராண்ட் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் என்றும் சொல்லவில்லை, நான் வாங்கிய இந்த இரண்டு மட்டும்தான் கணக்கு.

முதலில் இறால். உரித்து, குடல் எடுத்து, 500 கிராம். பாக்கெட்டை வெட்டிச் சல்லடையில் கொட்டி, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, அப்படியே விட்டுவிட்டேன். ஒவ்வொரு இறாலுக்கும் மேலே கண்ணாடித் தாள் ஒட்டினாற்போல ஒரு ஐஸ் பூச்சு. அது ஏமாற்று வேலை இல்லை, ஃப்ரீசரில் இறால் காய்ந்து வெளுத்துப் போகாமல் இருக்க அந்தப் பூச்சு வேண்டும். ஆனால் அந்த ஐஸை எடையில் சேர்க்கக் கூடாது, நிகர எடை என்றால் ஐஸ் நீங்கலாக என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேசத் தர விதியிலேயே இருக்கிறது. ஐஸ் எல்லாம் கரைந்த பிறகு இறாலை நிறுத்தேன், 405 கிராம். மீதி 95 கிராம் பாத்திரத்தில் கலங்கலாகக் கிடந்தது. 399 ரூபாய் கணக்கில் அந்தக் கலங்கல் தண்ணீருக்கு நான் கொடுத்தது ஏறக்குறைய எழுபத்தாறு ரூபாய்.

அத்தோடு முடியவில்லை. அட்டையின் பின்பக்கம், எறும்பு படிக்கிற சைஸில், 451 என்று ஒரு எண். அது பாஸ்பேட் உப்பு, சதைக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும். வெறும் சட்டியில், எண்ணெய்கூட விடாமல், இறாலைப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் குழம்புக்கு ஊற்றியது போலத் தண்ணீர், அதன் மேல் வெள்ளை நுரை. சுண்டி இறக்கியபோது 262 கிராம். அரைக் கிலோ வாங்கியவன் தட்டில் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் வந்திருக்கிறது. சோடியம் 100 கிராமுக்கு 540 மில்லிகிராம் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள், எதுவும் சேர்க்காத இறாலில் சுமார் அதில் கால்பங்குதான் இருக்கும். பிபி மாத்திரை போடுகிறவர்கள் இதைப் பார்த்து வாங்குங்கள். ருசி? தொக்கு வைத்தால் தப்பித்துக்கொள்ளும். வறுவலுக்கு ஆகாது, ரப்பர் மாதிரி இழுக்கிறது.

சரி, இப்போது பயறு ஜெயித்துவிட்டது என்று மச்சினன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய டப்பாவைத் திறந்தோம். 200 கிராம், 65 ரூபாய். முளை நன்றாகத்தான் இருந்தது, அரை அங்குல வால், புளித்த வாடை இல்லை. இடித்தது அந்த 24 கிராம்தான். பச்சைப்பயறில் நூறு கிராமுக்கு 22 முதல் 24 கிராம் புரதம் என்பது சரி, ஆனால் அது காய்ந்த பயறில், மளிகைக் கடையில் அளந்து கொடுப்பார்களே அந்தப் பயறில். முளைவிட்ட பயறு தண்ணீர் குடித்த பயறு. சந்தேகத்துக்கு வீட்டில் இருந்த காய்ந்த பயறு நூறு கிராம் எடுத்து ராத்திரி ஊறப்போட்டு, காலையில் துணியில் கட்டித் தொங்கவிட்டு, மறுநாள் நிறுத்தேன். 228 கிராம். புரதம் எங்கேயும் போகவில்லை, வளரவும் இல்லை, அதே 24 கிராம்தான் 228 கிராமுக்குள் பரவிக் கிடக்கிறது. ஆக, முளைப்பயறில் நூறு கிராமுக்கு பத்து, பத்தரை. டப்பா முழுவதற்கும் 21 கிராம். அட்டையை நம்பினால் 48. காய்ந்த பயறின் கணக்கை எடுத்து ஈரப்பயறின் மேல் யாரோ ஒட்டியிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, ஆபீஸில் யாரோ பட்டியலைப் பார்த்து அப்படியே அடித்தார்களா, அது அவர்களுக்கே வெளிச்சம்.

அதாவது இரண்டு பேரும் எனக்கு விற்றது தண்ணீர். ஒருவர் எடையில் விற்றார், இன்னொருவர் அட்டையில் மறைத்தார். இந்தத் தண்ணீரைப் பிழிந்து எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் இறாலா பயறா என்ற கேள்விக்கே அர்த்தம் வருகிறது.

தட்டில் இருபது கிராம் புரதம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதுவும் சேர்க்காத பச்சை இறால் நூறு கிராம் போதும், கலோரி நூறைத் தாண்டாது, கொழுப்பு ஒரு கிராம்கூட இருக்காது. அதே இருபதை வேகவைத்த பச்சைப்பயறில் எடுக்க ஏறக்குறைய 285 கிராம் சாப்பிட வேண்டும், ஒரு பெரிய கிண்ணம் தளும்பத் தளும்ப, கலோரி முந்நூறு. உடம்பு இளைக்க வேண்டும் என்கிறவனுக்கு இறால் ஜெயித்தது என்று தோன்றும். ஆனால் அந்தக் கிண்ணத்தோடு இருபது கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் வருகிறது, ஃபோலேட் என்ற பி வைட்டமின் வண்டி வண்டியாக வருகிறது, சாயங்காலம் வரை பசிக்காது. இறாலில் நார்ச்சத்து பூஜ்யம். மச்சினன் இரண்டு வாரம் முட்டையும் கோழியுமாகத் தின்றுவிட்டுக் காலையில் பாத்ரூமில் என்ன பாடுபட்டான் என்று அவன் அக்காவுக்கும் தெரியும்.

புரதத்தின் தரம் என்று பார்த்தால் இறால் ஒரு படி மேலே. பயறில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, லைசின் நிறைய. அரிசியில் அதற்கு நேர் எதிர். அதனால்தான் பொங்கல், இட்லி, சாம்பார் சாதம் எல்லாம் கணக்காக அமைந்திருக்கிறது, அதற்கு ஜிம் மாஸ்டர் யாரும் தேவைப்படவில்லை. பயறை மட்டும் கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் அந்தக் குறை.

பயறால் முடியாத ஒன்று வைட்டமின் பி12. எந்தப் பருப்பிலும், எந்தப் பயறிலும் கிடையாது, முளை கட்டினாலும் வராது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதே இரண்டரை மைக்ரோகிராமுக்குள்தான், நூறு கிராம் இறாலில் அதில் பாதியாவது கிடைக்கும். ஆனால் ஓட்டு மீன் வகையில் இறால்தான் ராஜா என்று நினைத்தால் அது தப்பு. கன்னியாகுமரிக் கடலோரத்தில் பாறையிலிருந்து பெயர்த்து எடுக்கும் சிப்பி இருக்கிறதே, கேரளாக்காரர்கள் கல்லும்மக்காய் என்பார்கள், அதில் வேகவைத்த நூறு கிராமில் இருபது மைக்ரோகிராமுக்கு மேல் பி12, இரும்புச்சத்து ஆறு மில்லிகிராமுக்கு மேல். இறாலில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. விலையில் சிப்பி இறாலுக்குக் கீழே, சத்தில் எங்கேயோ மேலே, ஆனால் சென்னையில் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்.

இரும்பில் பயறு வகை வலுவானதுதான், கொள்ளில் சுண்ணாம்புச் சத்தும் நூறு கிராமுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் தாவர இரும்பு உடம்பில் சுலபமாகச் சேராது. சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது. நம்ம ஆட்கள் சுண்டலையும் டீயையும் ஜோடியாகவே வைத்துவிட்டார்கள்.

கொலஸ்ட்ரால் பயம் பற்றி ஒரு வார்த்தை. இறாலில் நூறு கிராமுக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் அதில் நிறைகொழுப்பு மிகவும் குறைவு, ரத்தத்தில் கொலஸ்ட்ராலை அதிகம் ஏற்றுவது அந்த நிறைகொழுப்புதான். உணவில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்று போட்டிருந்த வரம்பை அமெரிக்காவே 2015-ல் எடுத்துவிட்டது. நான் பயப்படுவது யூரிக் ஆசிட்டுக்கு. பெரியப்பா கால் கட்டைவிரல் வீங்கி, மேலே போர்வை பட்டால்கூடக் கத்தியதைப் பார்த்தவன் நான். டாக்டர் இறால், நண்டோடு பருப்பையும் நிறுத்தச் சொன்னார். 2004-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் நாற்பத்தேழாயிரம் ஆண்களைப் பன்னிரண்டு வருடம் பார்த்திருக்கிறார்கள், கடல் உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு கௌட் என்ற அந்த மூட்டுவீக்கம் கூடியது, பயறு சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. பெரியப்பாவிடம் சொன்னேன். “டாக்டர் கிட்ட கேட்டுட்டு சாப்பிடுறேன்டா” என்றார், அன்றைக்கு ராத்திரியே பருப்பு ரசம்.

விலைக்கு வருவோம். பாக்கெட் இறாலில் ஒரு கிராம் புரதம் ஐந்து ரூபாயைத் தாண்டுகிறது. டப்பா பயறில் மூன்று ரூபாய். மளிகைக் கடையில் கிலோ 130-க்கு வாங்கிய காய்ந்த பயறில் ஐம்பத்தைந்து காசு! ஒரு பாத்திரம், ஒரு துணி, இரண்டு ராத்திரி, அதற்கு மூன்று ரூபாய் கேட்கிறார்கள். இறாலுக்கும் ஒரு வழி இருக்கிறது. மறு ஞாயிறு சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட் போனேன், தலையோடு கிலோ 400. “உரிச்சா பாதிதான்பா நிக்கும், அப்புறம் என்னைத் திட்டாதே” என்று அந்த அம்மா முன்னாலேயே சொல்லிவிட்டார். 540 கிராம் நின்றது. சட்டியில் தண்ணீர் விடவில்லை, சுருண்டு சிவந்து கிடந்தது. தலையையும் ஓட்டையும் கேட்டு வாங்கி வந்து ரசம் வைத்தோம், அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

இறால் பாக்கெட்டுக்கு ஐந்துக்கு ஒன்றரை. அவசரத்துக்கு உதவும் என்பதால் அந்த அரை. முளைப்பயறு டப்பாவுக்கு இரண்டு, பொருள் நல்லது, அட்டை கெட்டது. வாங்கினால் ஆவியிலாவது வேகவைத்துச் சாப்பிடுங்கள், ஈரத்தில் முளைத்த எதிலும் கிருமி சுலபமாக வளரும்.

இரண்டு கம்பெனிக்கும் தராசு போட்டோவோடு மெயில் போட்டேன். இறால்காரரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. பயறுக்காரர் ‘உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது’ என்று எழுதி, அதே டப்பா வாங்க ஐம்பது ரூபாய் கூப்பன் அனுப்பியிருக்கிறார். மச்சினன் போய் வாங்கிக்கொண்டு வந்தான். அட்டையில் அதே 24.