2147483647-ஆ, 4294967297-ஆ, இந்த இரண்டு எண்களில் எனக்குப் பிடித்தது எது?

முதலாவதை இரட்டித்து 3 கூட்டினால் இரண்டாவது வந்துவிடும், ஆனால் குணத்தில் இரண்டுக்கும் ஒட்டே இல்லை.

2147483647, அதாவது 2^31 − 1, பகா எண். 1772-இல் கணித மேதை ஆய்லர் நிரூபித்தார். 2^30-ஆல் பெருக்கினால் ஒரு நிறைவெண் (தன்னைத் தவிர்த்த தன் காரணிகளின் கூட்டலுக்குச் சமமான எண்) கிடைக்கும். 4-ஆல் வகுத்தால் மீதி 3, அதனால் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இதை எழுதவே முடியாது.

4294967297 (2^32 + 1) பகா எண் என்றுதான் ஆய்லருக்கு முந்தைய கணித மேதை ஃபெர்மா நம்பினார். இதன் காரணிகள் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வருபவையாகத்தான் இருக்கும் என்று ஆய்லர் கண்டுகொண்டதால், சோதிக்க வேண்டிய பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641, அவ்வளவுதான், உடைந்துவிட்டது: 641 × 6700417. எத்தனை அழகான குறுக்குவழி!

உடைந்ததால் மதிப்புக் குறையவில்லை. இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும்: 65536² + 1² என்பது பார்த்தவுடன் தெரியும். இரண்டு காரணிகள் இருப்பதால் 62264² + 20449² என்ற இன்னொரு வடிவமும் உண்டு. எனக்குப் பிடித்தது 4294967297-தான்.