தலைகீழ் கெளுத்தி என்று சொல்லி வேறு மீனைத் தலையில் கட்டுகிறார்கள், கவனம்

இப்போதுதான் அந்த ஆள் என் எண்ணை பிளாக் செய்திருக்கிறார். ஆத்திரம் அடங்கவில்லை. ஆறு மீனின் பணம், பார்சல் கூலியோடு சேர்த்து, மொத்தமும் போச்சு.

இணையத்தில் அலங்கார மீன் விற்பவர். நான் கேட்டது காங்கோ ஆற்றுப் படுகையின் தலைகீழ் கெளுத்தி. 10 செ.மீ. அளவில் நின்றுவிடும், கூட்டமாக வாழும். பெரும்பாலும் மல்லாந்தே நீந்துவதால் அதற்கு முதுகைவிட வயிறுதான் கருப்பு. இதையெல்லாம் அவரே விளக்கமாகச் சொன்னார். வயிறு தெரிகிற மாதிரி படம் கேட்டேன். "படம் எதுக்கு ப்ரோ, வீடியோவே தர்றேன்" என்று, ஒரு மீன் மரக்கட்டைக்கு அடியில் மல்லாந்தபடி பாசி மேய்வதை அனுப்பினார். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் நம்பிப் பணம் அனுப்பினேன், ஆறு மீனுக்கும் முழுசாக.

வந்தவை விரல் நுனி அளவுக் குஞ்சுகள். அந்த வயதில் இந்த வகைக் கெளுத்திகள் பலவும் புள்ளியும் திட்டுமாக ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். வளர வளரத்தான் குட்டு வெளிப்பட்டது. முதுகுத்துடுப்பின் முட்கள் நூல் நூலாக நீண்டன. வயிற்றில் கருமையே இல்லை. நேராகவே நீந்துகின்றன, குகைக்காக ஒன்றையொன்று விரட்டிக் கடிக்கின்றன. இது சைனோடான்டிஸ் யூப்டெரஸ், தலைகீழ் கெளுத்திக்கு உறவான வேறொரு கெளுத்தி. 30 செ.மீ. வரை போகக்கூடிய மீன்! என் தொட்டி இதற்கு எந்த மூலைக்கு?

கேட்டால், "பகல்ல அப்படித்தான், ராத்திரி பாருங்க" என்றார். அப்புறம் "வளர்ந்தா திரும்பிடும்". அப்புறம் "உங்க தண்ணிதான் சரியில்லை, செம்பு மருந்து ஊத்துங்க". செதிலே இல்லாத கெளுத்திக்குச் செம்பு மருந்து! அதைக் கேட்டுச் செய்திருந்தால் மீன்கள் செத்தே போயிருக்கலாம். கடைசியில் "உயிருள்ளதுக்கு ரிட்டர்ன் கிடையாது". அதோடு பிளாக்.

ஆறு மீனின் பணமும் போய், இப்போது இந்த ஆறுக்கும் பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடி அலைகிறேன். அதுகள் என்ன பாவம் செய்தன?

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். வீடியோவை நம்பாதீர்கள், இந்தக் குடும்பத்தில் பல மீன்கள் அவ்வப்போது மல்லாந்து மேயும். உங்களுக்கு வரப்போகும் மீனின் வயிற்றைக் காட்டச் சொல்லுங்கள். ரொம்பச் சின்னக் குஞ்சு வேண்டாம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள். பேசியதையெல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என்னை பிளாக் செய்த கையோடு தன் பக்கத்துச் செய்திகளையும் அழித்துவிட்டார்.