பிள்ளைகளின் கைக்காசுக்கு அஞ்சலகக் கணக்கு: பாஸ்புக் சரி, ஆர்.டி. யோசித்து

பதின்வயதுப் பிள்ளைகள் சேமிக்கத் தொடங்க அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு இன்றும் நல்ல இடம். அரசு உத்தரவாதம் உண்டு, செலவும் கிடையாது. கூடவே எடுக்கச் சொல்லும் ஆர்.டி., அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்புதான் எல்லாருக்கும் ஒத்துவராது.

பத்து வயது நிரம்பியவர் தன் பெயரிலேயே கணக்குத் தொடங்கி, தானே கையெழுத்துப் போட்டு நடத்தலாம். முதலில் 500 ரூபாய் கட்ட வேண்டும். அதன்பின் 10 ரூபாய்கூடப் போடலாம்; எடுப்பதென்றால் குறைந்தது 50. அந்த 500 மட்டும் உள்ளேயே கிடக்கும், தொட முடியாது. பிறந்தநாள் பணம் வந்ததும் தொடங்குவது தோது. கையெழுத்து நிலைத்திருக்க வேண்டும். இந்த வயதில் மாதத்துக்கு ஒரு பாணியில் போடுவார்கள், மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகாவிட்டால் பணம் எடுக்கும்போது இழுபறிதான்.

வட்டி 4 சதவீதம். 10ஆம் தேதிமுதல் மாதக் கடைசிவரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் அது கிடைக்கும். ஆகவே 10ஆம் தேதிக்குள் போட்டுவிட வேண்டும். 12ஆம் தேதி போட்டால் அந்தத் தொகைக்கு அந்த மாத வட்டி இல்லை.

ஆர்.டி.க்கு வருவோம். மாதம் 100 ரூபாயிலிருந்து, 60 தவணை. 2025இல் வட்டி 6.7 சதவீதம், 6,000 கட்டினால் சுமார் 7,136 வரும். 15ஆம் தேதிக்குள் தொடங்கினால் மாதாமாதம் 15க்குள் கட்ட வேண்டும். 16ஆம் தேதியோ அதற்குப் பிறகோ தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலைநாள்வரை அவகாசம். தவறினால் நூறுக்கு ஒரு ரூபாய் அபராதம், அது பெரிதில்லை. நான்கு தவணை விட்டுப்போனால் கணக்கு நின்றுவிடும். இரண்டு மாதத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் மேற்கொண்டு கட்ட முடியாது.

பெரிய சிக்கல் ஐந்து வருடக் கணக்கில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் தொடங்கும் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் நான்காம் வருடமே வந்து நிற்கும். மூன்று வருடத்துக்குப் பின் முடித்துக்கொள்ளலாம், ஆனால் முதிர்வுக்கு ஒரு நாள் முன்னால் முடித்தாலும் 4 சதவீதம்தான். இவ்வளவு கட்டுப்பட்டும் சேமிப்புக் கணக்கு வட்டியே என்றால் என்ன பயன்? 12 தவணைக்குப் பின் பாதித் தொகைவரை கடன் கிடைக்கும் என்பது ஓர் ஆறுதல். எட்டாம் வகுப்புக்கு முன் தொடங்குபவர்களுக்கு ஆர்.டி. பொருந்தும்.

மற்றவர்கள் சேமிப்புக் கணக்கில் 500க்கு மேல் ஆயிரம் சேர்ந்ததும் ஓராண்டு டி.டி.யாக (டைம் டெபாசிட், குறித்த காலத்துக்கு மொத்தமாகப் போட்டு வைப்பது) மாற்றிக்கொள்ளலாம். குறைந்தது 1,000, 2025இல் 6.9 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு ஏறக்குறைய 71 ரூபாய். ஆறு மாதத்துக்குள் உடைக்க முடியாது. வருமானம் ஒழுங்கில்லாத கைக்காசுக்கு இதுவே தோது, மாதத் தவணை என்ற நெருக்கடி இல்லை.

நகைக்கடைச் சீட்டில் பிள்ளை பெயரைச் சேர்ப்பதை இதோடு ஒப்பிட வேண்டாம். அதில் கடைசியில் கைக்கு வருவது நகை, பணமில்லை.

18 முடிந்ததும் புதிய விண்ணப்பமும் கே.ஒய்.சி. ஆவணங்களும் (அடையாள, முகவரிச் சான்றுகள்) கொடுத்துக் கணக்கைப் பெரியவர் கணக்காக மாற்ற வேண்டும். கட்டணம் கட்டும் அவசரத்தில் போய் நிற்காமல், பிளஸ் டூ விடுமுறையிலேயே எந்தெந்த ஆவணம் வேண்டுமென்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.