கல்லூரிக் கணக்குக்கு எம்எஃப்ஏ: மூன்று வருடத்தில் பட்டதும் பழகியதும்

பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். 2022 கடைசியில், ஊழியர் கணக்கு எல்லாவற்றுக்கும் எம்எஃப்ஏ (கடவுச்சொல்லோடு, நாம்தான் என்று காட்ட இரண்டாவதாக ஒன்றையும் கேட்கும் முறை) கட்டாயம் என்று சுற்றறிக்கை வந்தது. பேங்கில் பணம் அனுப்பும்போது எஸ்எம்எஸ்ஸில் வருகிற டேக் நம்பரைக் கேட்பது போலத்தானே, இதில் என்ன புதுசு என்று நினைத்து, வசதியாக எஸ்எம்எஸ்ஸில் குறியீடு வரும் வழியையே தேர்ந்தெடுத்தேன்.

அது மூன்று மாதம் ஓடியது. திருச்சியில் ஒரு கல்யாணம். விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம் போட்டுவிட்டு, மலேசிய சிம்மைக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். சாயங்காலம் அவசரமாக ஒரு மெயில் பார்க்க வேண்டியிருந்தது. குறியீடு யாருக்குப் போகும்? கைப்பைக்குள் இருக்கிற சிம்முக்குத்தான். இத்தனைக்கும் 2022 செப்டம்பரிலேயே மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டு வெளியே வாருங்கள் என்று வங்கிகளிடம் சொல்லியிருந்தது. பேங்குகளே விடுகிற வழியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும், குறியீட்டைப் போனிலேயே காட்டும் ஆப்புக்கு மாறினேன். முப்பது வினாடிக்கு ஒரு தடவை மாறுகிற ஆறு இலக்கம். அது எங்கிருந்தோ வருகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை. முதல் நாள் ஸ்கேன் செய்கிற கியூஆரில் ஒரு ரகசியம் இருக்கும். அதையும் போனின் கடிகாரத்தையும் வைத்து, போனே உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொள்கிறது. லைன் சுத்தமாகக் கிடைக்காத எங்கள் வினாத்தாள் அறையிலும் வேலை செய்கிறது. ஆனால் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து வரும் ஓர் அக்கா, ஃபெரியைத் தவறவிடக்கூடாது என்று போனில் ஐந்து நிமிடம் கூட்டி வைத்திருந்தார். எந்த இலக்கத்தைப் போட்டாலும் தவறு, தவறு. ஐடி தம்பிகள் அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் ஒருவர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

இலக்கம் தட்டச் சோம்பல்பட்டவர்களுக்கு, லாகின் செய்யும்போது 'நீங்கள்தானா?' என்று போனுக்கு ஒரு கேள்வி வரும், அதில் 'அனுமதி' பொத்தான் இருந்தது. எனக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. திருடன் முயன்று, ராத்திரி பதினொன்றுக்கு அந்தக் கேள்வி அடுத்தடுத்து நான்கு தடவை வந்தால், தூக்கக் கலக்கத்தில் தட்டத்தான் தோன்றும். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தின் கணினிகளுக்குள் ஒருவன் நுழைந்தது இப்படித் தொல்லை கொடுத்துத்தான். 2023 மே மாதம் மைக்ரோசாப்ட் தன் ஆப்பில் இதைத் திருத்தியது. லாகின் திரையில் தெரிகிற இரண்டு இலக்கத்தைப் போனில் தட்டினால்தான் கதவு திறக்கும். திருடன் முயன்றால் எண் அவன் திரையில்தான் இருக்கும், நமக்குத் தெரியாது. "ஐடியிலிருந்து பேசுறோம், 47னு தட்டுங்க" என்று யாராவது போன் செய்தால் மட்டும் உஷார். அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது.

சரி, என் பெரிய சறுக்கலுக்கு வருகிறேன். 2024இல் போன் மாற்றினேன். கடைக்காரர் படம், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தார், பழைய போனை அங்கேயே விற்றுவிட்டேன். மறுநாள் மதிப்பெண் பதிவேற்றக் கடைசி நாள். புதுப் போனில் ஆப் இருக்கிறது, கல்லூரிக் கணக்கு உள்ளே இல்லை. ஐடிக்கு மெயில் போடலாம் என்றால், மெயிலைத் திறக்கவே அந்த ஆப் வேண்டும்! பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிய கதை. இரண்டு மாடி ஏறிப் போய், ஐசியை (அடையாள அட்டையை) காட்டி, மறுபதிவு செய்ய மதியம் ஆகிவிட்டது.

தப்பு என்னுடையதுதான். ஆனாலும் கல்லூரிமேல் ஒரு குறை உண்டு. பதிவு செய்த அன்றே, "இரண்டாவதாக இன்னொரு வழியும் சேர்த்து வையுங்கள்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சுற்றறிக்கை நான்கு பக்கம், அந்த வரி மட்டும் இல்லை. இப்போது வீட்டில் இருக்கும் பழைய டேப்லெட்டிலும் அதே கணக்கைப் பதிந்து வைத்திருக்கிறேன்.

கல்லூரி வேலைக்கு என் சொந்தப் போன் எதற்கு என்று கடைசிவரை மல்லுக்கு நின்றவர் எங்கள் ஆய்வகத்து அண்ணன். நியாயமான கேள்விதான். அவருக்கு மட்டும், போனுக்குப் பதிலாகக் கணினியில் செருகும் யுஎஸ்பி சாவி வாங்கிக் கொடுத்தார்கள். அது தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் பதில் சொல்லும், போலிப் பக்கத்தில் வேலையே செய்யாது. மோட்டார் சாவியோடு கோத்து வைத்திருக்கிறார். காலையில் செருகி, விரலால் ஒரு தொடு. நான் போனைத் தேடி எடுப்பதற்குள் அவர் மெயில் படிக்க ஆரம்பித்துவிடுகிறார்.