கயிறு இழுத்துக் கை ஓய்ந்த பிறகு: பழைய மோட்டருக்குக் காசு எந்தப் பக்கம் போக வேண்டும்?

வாடை ஓய்ந்து கடல் அடங்கியதும் திருகோணமலைத் திருக்கடலூரில் இருந்து குச்சவெளி வரை கரையெல்லாம் ஒரே சத்தம்தான். மழை மாதங்களில் கொட்டிலுக்குள் கிடந்த மோட்டரைத் தோளில் தூக்கி வந்து போட்டில் பூட்டி, கயிறு இழுப்பார்கள். மோட்டர் ஸ்டார்ட் ஆகாது, இழுத்துக்கொண்டே இருப்பார்கள். பக்கத்தில் நிற்பவர்களிடம் வைத்தியம் நிறைய இருக்கும். ஒருவர் பிளக்கை மாற்று என்பார், ஒருவர் காபரேற்றரை (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் சாமான்) கழுவு என்பார். கொஞ்சம் காசுள்ளவர் புதுக் காபரேற்றரே பூட்டிவிடு என்பார். "இதை வித்துப்போட்டு ஃபோர் ஸ்ட்ரோக் ஒண்டு எடு" என்று ஒருவர் கட்டாயம் சொல்லுவார்.

இதில் எதுவும் முழுப் பிழை இல்லை. ஆனால் பெரும்பாலானோர் செலவை நோய் இருக்கும் பக்கம் செய்வதில்லை. என் கட்சி இதுதான்: பெற்றோல் பக்கம் பழுதென்றால் பழைய சாமானைக் கழுவுவது புதுக் கொப்பி (போலி) சாமானை விட மேல். கரண்ட் பக்கம் (பிளக்கில் பொறி வரவைக்கும் பக்கம்) பழுதென்றால் பழைய ஒரிஜினல், புதுக் கொப்பியை விட மேல். இரண்டுக்கும் காசை எடுப்பதற்கு முன் கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் அழுத்தம், பார்க்க வேண்டும். நான் இங்கே பேசுவது 9.9 முதல் 40 குதிரைவலு வரையான, காபரேற்றர் உள்ள டூ ஸ்ட்ரோக் (பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஓடும்) மோட்டர்களைப் பற்றி. 2004 கடற்கோளுக்குப் பிறகு உதவியாக வந்தவற்றில் இன்னும் ஓடுகிறவையும் இதில் சேர்த்தி.

முதலில் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

காசு செலவில்லாத விசயங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். தாங்கி மூடியில் உள்ள காற்று ஆணி திறந்திருக்கிறதா, குழாயில் உள்ள ரப்பர் பந்தின் அம்புக்குறி மோட்டரைப் பார்த்து நிற்கிறதா, பந்து அமுக்க அமுக்க இறுகுகிறதா, நிறுத்தும் சுவிட்சின் கிளிப் இடத்தில் இருக்கிறதா. பந்து இறுகவே இல்லையென்றால் குழாயிலோ இணைப்பிலோ எங்கோ காற்று இழுக்கிறது. தாங்கியின் அடியில் இருந்து கொஞ்சம் பெற்றோலை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் படிந்து நிற்கும். மாரி முழுக்கப் பாதித் தாங்கியோடு கிடந்தால் தண்ணீர் இருக்கத்தான் செய்யும்.

அப்புறம் பத்துப் பன்னிரண்டு தரம் இழுத்துவிட்டு உடனே பிளக்கைக் கழற்றுங்கள். முனை காய்ந்திருந்தால் பெற்றோல் உள்ளே போகவில்லை. நனைந்து சொட்டினால் பெற்றோல் போகிறது, பொறி இல்லை; அல்லது சோக்கை (ஸ்டார்ட் ஆகக் காற்றைக் குறைக்கும் பிடி) விடாமல் பிடித்து இழுத்து மூழ்கடித்திருக்கிறீர்கள். சந்தேகமாக இருந்தால், எண்ணெய் கலந்த பெற்றோல் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகப் பிளக் துளைக்குள் விட்டு, பிளக்கைப் பூட்டி இழுங்கள். இரண்டு மூன்று விநாடி உறுமிவிட்டு அணைந்தால் கரண்ட் பக்கம் நல்லது, காபரேற்றர் பக்கம் பழுது. உறுமவே இல்லையென்றால் காபரேற்றரைத் தொடாதீர்கள். கடைக்குப் போகும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்தவர்கள் பாதிக் காசை மிச்சம் பிடித்துவிடுவார்கள்.

கழுவுவதா, புதுக் காபரேற்றரா?

கடையில் கேட்டால், "அண்ணே, கழுவிக் கழுவி என்ன பிரயோசனம், புதுசு ஒண்டு போடுங்கோ, வேலை முடிஞ்சுது" என்பார்கள். போடுவது சுலபம்தான். இரண்டு நட்டு, ஒரு குழாய், அரை மணித்தியால வேலை. கொப்பிக் காபரேற்றரின் விலையும் ஒரிஜினலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மலிவுதான். சிக்கல் பூட்டிய பிறகு வரும். உள்ளே பெற்றோல் மட்டத்தைப் பிடிக்கும் மிதவையின் உயரம் சரியாக இருக்காது, ஊசி வால்வு ஒழுகும், ஜெட்டின் (பெற்றோல் பாயும் சின்னப் பித்தளைச் சாமான்) துளை ஒரிஜினல் அளவில் இருக்கும் என்று நம்ப முடியாது. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டும் மோட்டர்களில் இன்னொரு வில்லங்கம்: வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆணித் துளையும் பொருந்தும், ஆனால் பெற்றோல் மொடலுக்கும் மண்ணெண்ணெய் மொடலுக்கும் ஜெட் அளவு வேறு. ஸ்டார்ட் ஆகும், வேகம் எடுக்காது. அல்லது வேகம் எடுக்கும், மெதுவாக ஓட விட்டால் அணைந்துவிடும்.

பழையதைக் கழற்றிப் பாருங்கள். அடிக் கிண்ணத்தைத் திறந்தால், பெற்றோல் ஆவியாகிப் போய் அடியில் பழுப்பும் பச்சையும் கலந்த பிசின் ஒன்று பிடித்திருக்கும். விரல் வைத்தால் ஒட்டும், வார்னிஷ் போல மணக்கும். பிரதான ஜெட்டின் துளை கண்ணுக்குத் தெரியும், அது பெரும்பாலும் அடைபடாது. அடைபடுவது மெதுவோட்ட ஜெட். அதன் துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசி முனை அளவு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் உங்கள் மோட்டர் ஸ்டார்ட் ஆகாததன் காரணம் கையில்தான் இருக்கிறது. சோக்கைப் பாதி இழுத்துப் பிடித்தால் மட்டும் ஓடும், விட்டால் அணையும் என்ற மோட்டர்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

என்ன செய்தாலும் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை ஒரு மயிரளவு பெரிதானாலும் கலவை மாறிவிடும். நம்மிடம் தங்கூசிக்கு (நைலோன் தூண்டில் நூல்) பஞ்சமா? துளைக்குள் போகும் மெல்லிய தங்கூசியை ஒரு விரல் நீளம் வெட்டி, காபரேற்றர் கிளீனர் தெளித்து ஊற விட்டு, மெதுவாக விட்டு எடுத்தால் போதும். தெளிப்பதற்கு முன் ரப்பர், பிளாஸ்டிக் சாமான் எல்லாவற்றையும் கழற்றி விடுங்கள், இல்லையென்றால் ஊதிப்போகும். கலவை ஆணியைக் கழற்றும் முன், அது மெதுவாக முட்டும் வரை எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணிச் சுவரிலாவது எழுதி வையுங்கள். திருப்பிப் பூட்டும்போது அதே சுற்று வெளியே.

இதோடு சேர்த்துச் செலவழிக்கலாம் என்று நான் சொல்வது கேஸ்கெட், ஊசி வால்வு, பெற்றோல் பம்பின் டயப்ரம் ஆகியவற்றுக்கு மட்டும். இவற்றை ஒரிஜினலாகவே வாங்குங்கள். இந்தச் சின்னச் சாமான்களில் கொப்பி வாங்கி மிச்சம் பிடிக்கும் காசு ஒரு நாள் வலைக்குப் போகாமல் நிற்கும் நட்டத்துக்குக் காணாது. காபரேற்றரின் உடம்பே உப்பில் அரித்து வெள்ளையாய்ப் பொரிந்திருந்தால்தான் வேறு காபரேற்றர் தேட வேண்டும். அப்போதும் கழிந்துபோன அதே மொடல் மோட்டரில் இருந்து எடுத்ததாகப் பாருங்கள்.

கரண்ட் பக்கம்

இங்கே கதை கொஞ்சம் வேறு. கழுவினால் தீராது, சாமான் மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்ற வேண்டிய சாமான் எது என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்.

பிளக்குக்கு விவாதமே தேவையில்லை, புதுசு போடுங்கள். மோட்டரின் கையேட்டில் உள்ள இலக்கமே வேண்டும். என்.ஜி.கே. பிளக்கில் பி7எச்எஸ்-10 என்று இருந்தால் கடைசி 10 என்பது 1.0 மில்லிமீற்றர் இடைவெளி என்று அர்த்தம். அது இல்லாத பி7எச்எஸ்ஸை, "ரெண்டும் ஒண்டுதான்" என்று தருவார்கள். இடைவெளி ஒன்றல்ல.

புதுப் பிளக்கிலும் பொறி இல்லையா? சி.டி.ஐ. பெட்டி (பொறிக்குக் கரண்ட் அனுப்பும் பெட்டி) வாங்க ஓடுவதற்கு முன், நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். யமஹாவில் அது பெரும்பாலும் வெள்ளை வயர். பெற்றோல் குழாயைக் கழற்றி அப்பால் வைத்து, பெற்றோல் ஈரம் ஒன்றும் இல்லாத இடத்தில், பிளக்கை மோட்டரின் இரும்பில் நன்றாகத் தொட வைத்து, மாலை மங்கலில் இழுங்கள். நீலப் பொறி 'டிக்' என்று சத்தத்தோடு பாய்ந்தால் பெட்டி நல்லது, சுவிட்ச்தான் உப்புப் பிடித்து உள்ளே தொட்டுக்கொண்டிருக்கிறது. சுவிட்சின் விலைக்கும் பெட்டியின் விலைக்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும். அந்த வயரைக் கழற்றிய நிலையில் மோட்டர் ஸ்டார்ட் ஆனால் சுவிட்சால் நிற்காது, சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். அப்படியே கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

பிளக் தொப்பியையும் சுழற்றிக் கழற்றுங்கள். உள்ளே வயர் நுனி பச்சை பூத்திருந்தால் அரைச் சென்ரிமீற்றர் வெட்டிவிட்டுத் திரும்பச் சுழற்றினால் சரி. எர்த் வயர் மோட்டரில் பிடிக்கும் இடத்தைச் சுரண்டிச் சுத்தமாக்குங்கள். உப்புக் காற்றில் நிற்கும் மோட்டருக்கு இந்த இரண்டும் பாதி வைத்தியம்.

இத்தனைக்கும் பிறகு கொயில் அல்லது பெட்டிதான் என்று மீற்றர் வைத்துப் பார்த்து உறுதியானால், என் தெரிவு பழைய மோட்டரில் இருந்து கழற்றிய ஒரிஜினல். கொப்பிப் பெட்டிகளின் குணம் எனக்குப் பிடிக்காது: கரையில் குளிர்ந்திருக்கும்போது பொறி நன்றாக வரும், கொட்டியாரக் குடாவின் நடுவில் சூடேறியதும் விட்டு விட்டு வரும். கழற்றிய சாமானை விற்பவர், உங்கள் மோட்டரிலேயே பூட்டி அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கச் சம்மதித்தால் மட்டும் வாங்குங்கள். தண்ணீர்ப் பீப்பாவில் வைத்து ஓட்டுங்கள், தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் அடியில் உள்ள பம்பின் ரப்பர் போய்விடும்.

மண்ணெண்ணெயா, பெற்றோல் மட்டுமா?

மண்ணெண்ணெய் மோட்டர் காலையில் ஸ்டார்ட் ஆகாததற்குப் பெரும்பாலும் பழுதே காரணமில்லை. முதல் நாள் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தியிருப்பார்கள். கிண்ணத்தில் நிற்பது மண்ணெண்ணெய், குளிர்ந்த மோட்டரில் அது ஆவியாகாது. கரைக்கு வர ஐந்து நிமிசம் இருக்கும்போதே பெற்றோலுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. அந்தச் சொட்டுப் பெற்றோலை மிச்சம் பிடிக்கப் போய்க் காலையில் தோள் மூட்டு விட்டுப்போகும் அளவுக்கு இழுப்பதில் என்ன லாபம்?

இலாபக் கணக்கும் முன்போல் இல்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. 92 ஒக்டேன் பெற்றோல் அப்போது 450. விலை வித்தியாசம் சுருங்கும்போதெல்லாம் பெற்றோலில் மட்டும் ஓடும் மோட்டர் கவர்ச்சியாகத் தெரியும்: பிளக் கருகாது, புகை குறைவு, குளிரில் ஸ்டார்ட் ஆகும். ஆனால் நாள் முழுக்க இழுவையில் நிற்கும் தொழிலாளிக்கு மண்ணெண்ணெய் இன்னும் கட்டுப்படியாகும். காலையில் மட்டும் கொஞ்சத் தூரம் போய்வரும் ஆளென்றால் நான் பெற்றோல் பக்கம்.

கம்பிரஷன் போனால்

இதை உண்மையில் எல்லாவற்றுக்கும் முன் பார்த்திருக்க வேண்டும். எல்லாப் பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை இரும்பில் தொட வைத்து, அக்ஸிலேற்றரை முழுதாகத் திறந்து, பிளக் துளையில் பூட்டிய கம்பிரஷன் மீற்றரின் ஊசி மேலே ஏறாமல் நிற்கும் வரை நான்கைந்து தரம் இழுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு காட்டுகிறது என்பதை விட, சிலிண்டர்களுக்கு இடையில் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். ஒன்று 110 பி.எஸ்.ஐ. காட்டி மற்றது 80 காட்டினால், புதுக் காபரேற்றர், புதுக் கொயில் எதுவும் உதவாது. கேஸ்கெட் ஊதியிருக்கலாம், ரிங் கரியில் ஒட்டியிருக்கலாம், சிலிண்டர் சுரண்டுப்பட்டிருக்கலாம். இரண்டும் சமமாக நல்ல அளவு காட்டியும் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கும் மிகப் பழைய மோட்டரில் கிராங் சீல் காற்று இழுக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

சிலிண்டர் போனால் போரிங் செய்து (உள்ளே கடைந்து) 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் பெரிய பிஸ்டன் போடலாம். கியர்ப் பெட்டியும் கிராங்கும் நல்லதென்றால் போரிங் பெறுமதி. கியர் எண்ணெய் பால் நிறத்தில் வந்தால், அதாவது உள்ளே தண்ணீர் போகிறதென்றால், அந்த மோட்டருக்கு நான் காசு போடமாட்டேன்.

பழைய டூ ஸ்ட்ரோக்கா, புது ஃபோர் ஸ்ட்ரோக்கா?

நிலாவெளியில் இருந்து புறாமலைத் தீவுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் போட்காரர் என்றால் ஃபோர் ஸ்ட்ரோக் எடுங்கள். சத்தம் குறைவு, புகை மணக்காது, பெற்றோல் குறைவாகக் குடிக்கும், வெள்ளைக்காரர் முன்னால் இருபது தரம் இழுத்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

மீன்பிடிக்கு, அதுவும் மணலில் போட்டை ஏற்றி மோட்டரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கு, கணக்கு வேறு. 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் 36 கிலோ அளவில் இருக்கும். அதே வலு உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் 50 கிலோவைத் தாண்டும். ஒருவர் தோளில் போகும் சுமை இருவர் சுமையாகிவிடும். நினைத்த பக்கம் சாய்த்துப் போடவும் முடியாது, எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கும். காபரேற்றர் உள்ள சிறிய ஃபோர் ஸ்ட்ரோக்கில் மெதுவோட்ட ஜெட் இன்னும் நுண்ணியது, மாரியில் பெற்றோலோடு விட்டால் டூ ஸ்ட்ரோக்கை விட வேகமாக அடைபடும். ஆக, ஸ்டார்ட் பிரச்சினைக்காக மட்டும் மோட்டரை மாற்றுகிறவர் அதே பிரச்சினையைக் கூடிய விலைக்கு வாங்கக்கூடும்.

அதனால் தொழிலாளிக்கு என் சிபாரிசு, நல்ல கம்பிரஷன் உள்ள இன்னொரு பழைய டூ ஸ்ட்ரோக். பார்க்கப் போகும்போது கம்பிரஷன் மீற்றரைக் கையோடு கொண்டுபோங்கள். விற்பவர் கயிற்றைத் தொடும் முன் மூடியைத் திறந்து சிலிண்டர் தலையில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்; சூட்டில் ஸ்டார்ட் ஆவதை வைத்துக் குளிரில் ஆகும் என்று நம்ப முடியாது. சண்டை பிடிக்க வேண்டாம், "நாளைக்கு விடியக் காலமை வாறன், அதுவரைக்கும் தொடாமல் வையுங்கோ" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.